தும்மினால் நனைகிறதா? ஒளிந்திருக்கும் தசையைக் காட்டித் தரும் ஸ்கேன்!

ஆனி பிறந்து மேற்கு மலை முகட்டில் மேகம் இறங்கிவிட்டால் எங்கள் தென்காசிப் பக்கமே குளுகுளுவென்று ஆகிவிடும். குற்றாலத்தில் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று எங்கே பார்த்தாலும் கூட்டம். இந்த சீசன் சமயத்தில் என் வைத்தியசாலைக்கு வரும் பெண்களிடம், "என்ன, குற்றாலம் போயாச்சா?" என்று கேட்பது வழக்கம். சிலருக்கு முகம் வாடிப்போகும். "எங்க டாக்டரம்மா போறது? பஸ் குலுங்கினாலே துணி நனையுது. சாரல் பட்டுத் தும்மல் வேற வந்துட்டா கேக்கவே வேண்டாம்" என்பார்கள். ஒரு அம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அருவிக்குள்ள நிக்கும்போது மட்டுந்தான் பயமில்லாமத் தும்முதேன்!"

சிரிப்பாகச் சொன்னாலும் அதற்குள் எவ்வளவு வேதனை இருக்கிறது, பாருங்கள். கல்யாண வீட்டுக்குப் போவதில்லை. கோயிலுக்குப் போனால் சந்நிதிக்குள் நிற்கத் தயக்கம். வெளியூர்ப் பயணம் என்றால் முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். கேட்டால், "ரெண்டு புள்ள பெத்த உடம்பு, இப்படித்தானே இருக்கும்" என்று பதில் வருகிறது.

இப்படித்தான் இருக்கும் என்று யார் சொன்னது? இந்தத் தொல்லைக்குக் காரணமான தசை எங்கே இருக்கிறது, அதற்கு என்ன ஆனது என்பதை இன்று திரையில் பார்த்தே சொல்ல முடிகிறது. கர்ப்பிணிகளுக்கு எடுக்கிறார்களே, அதே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வாய் விட்டுச் சொல்லாத நோய்

இருமும்போது, தும்மும்போது, சிரிக்கும்போது, குடத்தைத் தூக்கும்போது சிறுநீர் கசிவது ஒரு வகை. கீழே ஏதோ இறங்குவது போல, உருண்டை ஒன்று தட்டுப்படுவது போல இருப்பது இன்னொரு வகை. இதைத்தான் நம் பெண்கள் 'அடி இறங்கிருச்சு' என்று தாழ்ந்த குரலில் சொல்வார்கள். கர்ப்பப்பையோ, சிறுநீர்ப்பையோ, மலக்குடலின் முன்சுவரோ தன் இடத்தை விட்டுக் கீழே சரிவதுதான் இது.

இதை வெளியே சொல்ல வெட்கம். மகாராஷ்டிராவில் கட்சிரோலி மாவட்டத்தில் டாக்டர் ராணி பங், டாக்டர் அபய் பங் தம்பதியர் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து, 1989-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். நூற்றுக்கு 92 பேருக்கு ஏதாவது ஒரு பெண் நோய் இருந்தது. ஆனால், அதற்கு முன்பு ஒரு முறையாவது அதற்கான பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு 8 பேர்தான்! நம் தமிழ்நாட்டில் செங்கற்பட்டுப் பக்கம் கிராமப் பெண்களிடையே வேலை செய்யும் 'ரூவ்செக்' அமைப்பினர், கர்ப்பப்பை இறங்கிய பெண்களின் அனுபவங்களையே நேரில் கேட்டு 1999-ல் ஓர் ஆய்வாக வெளியிட்டார்கள். இது படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம் பார்க்கும் நோய் இல்லை. பட்டணத்தில் ஆபீஸ் வேலை பார்க்கும் பெண்ணும் இதை மறைக்கிறாள்; எங்கள் ஊரில் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றும் பெண்ணும் மறைக்கிறாள்.

தூளி கட்டியது போல ஒரு தசை

இடுப்பெலும்பை அடிப்பாகம் இல்லாத ஒரு பானையாக நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் ஓட்டை இருந்தால் உள்ளே இருப்பதெல்லாம் கீழே விழ வேண்டியதுதானே? விழாமல் தாங்குவதற்காக இயற்கை அங்கே ஒரு தசை விரிப்பைக் கட்டி வைத்திருக்கிறது. முன்பக்கம் அடிவயிற்றுக்குக் கீழே கையில் தட்டுப்படும் எலும்பில் தொடங்கி, பின்பக்கம் வால் எலும்பு வரை, குழந்தைக்குத் தூளி கட்டியது போல அது தொங்குகிறது. இதற்கு 'இடுப்புத் தளத் தசைகள்' என்று பெயர். மருத்துவப் புத்தகத்தில் 'லெவேட்டர் ஏனை' என்று போட்டிருக்கும். ஆசனவாயை மேலே தூக்குவது என்று பொருள்.

இந்தத் தூளியின் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. பெண்களுக்கு அதன் வழியாக மூன்று பாதைகள் இறங்குகின்றன. முன்னால் சிறுநீர்ப் பாதை, நடுவில் பிரசவப் பாதை, பின்னால் மலப்பாதை. இந்த மூன்றையும் சுற்றி லாடம் போல வளைந்து ஒரு தசைப் பட்டை போகிறது. அதன் இரண்டு முனைகளும் முன் எலும்பின் இரு பக்கத்திலும் ஒட்டியிருக்கும். அது சுருங்கும்போது மூன்று பாதைகளையும் பின்னாலிருந்து முன்னோக்கி இழுத்து மூடுகிறது.

இதில் ஓர் அதிசயம் இருக்கிறது. கை, கால் தசைகள் வேலை இல்லாதபோது ஓய்வெடுக்கும். இந்தத் தசையோ நாம் தூங்கும்போதும் ஓரளவு இறுக்கத்தோடுதான் இருக்கிறது. சிறுநீர், மலம் கழிக்கும்போதும் பிரசவத்தின்போதும்தான் தளர்ந்து வழி விடும். இருமினால் வயிற்றுக்குள் அழுத்தம் திடீரென்று ஏறும் அல்லவா? நல்ல நிலையில் இருக்கும் தசை அந்தக் கணத்தில் தானாகவே இறுகிப் பாதையை மூடிவிடும். தசை தளர்ந்திருந்தால், அல்லது அறுந்திருந்தால், அந்த ஒரு கணம் தப்பிவிடுகிறது. துணி நனைகிறது.

கைக்கும் கத்திக்கும் எட்டாத இடம்

எங்கள் ஊரிலிருந்து கடையம் போகும் வழியில் தோரணமலை இருக்கிறது. தலைவலியால் துடித்த மன்னனின் கபாலத்தை அகத்தியர் திறக்க, உள்ளே ஒட்டியிருந்த தேரைக்குத் தண்ணீர்க் கிண்ணத்தைக் காட்டி அதைத் தானே குதித்து வெளியேறச் செய்தார் தேரையர் என்று அந்த மலையைச் சுற்றி ஒரு கதை வழங்குகிறது. கதை கதையாகவே இருக்கட்டும். உள்ளே இருப்பது என்ன என்று பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும் என்ற புத்தி அதில் இருக்கிறது.

இடுப்புத் தளத் தசை விஷயத்தில் அந்தப் 'பார்ப்பது'தான் நெடுநாள் முடியாமல் இருந்தது. சித்த மருத்துவக் கல்லூரியிலும் எங்களுக்கு உடற்கூறு பாடம் உண்டு. ஆனால், உயிரற்ற உடலில் இந்தத் தசை இறுக்கம் போய், மெல்லிய துணி போலக் கிடக்கும். உயிருள்ள பெண் இருமும்போது அது எப்படி எழும்பும், முக்கும்போது எப்படி விரியும் என்று அங்கே தெரிந்துகொள்ள வழியில்லை. எக்ஸ்-ரே எலும்பைக் காட்டுமே தவிர இந்தத் தசையைக் காட்டாது. பெண் டாக்டர் விரலால் தொட்டுப் பரிசோதிக்கலாம். அது இன்றும் முதல் படிதான். ஆனாலும், விரல் உணர்வதை இன்னொருவருக்குக் காட்டிப் புரியவைக்க முடியாதே!

ஒரு சம்பவம் சொல்கிறேன். 1943-லேயே கெய்னி என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவர், பிரசவத்துக்குப் பிறகு சில பெண்களுக்கு இந்தத் தசை எலும்பிலிருந்து பிய்ந்திருப்பதை விரலாலேயே கண்டுபிடித்து எழுதியிருந்தார். கண்ணால் காட்ட முடியாததால் அந்தச் செய்தி 60 வருஷம் அப்படியே தூங்கிவிட்டது.

பாய்லர் கம்பெனியில் பிறந்த ஸ்கேன்

அல்ட்ராசவுண்ட் என்பது காதுக்குக் கேட்காத ஒலி. வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேல் போனால் மனிதக் காது கேட்காது. ஸ்கேன் கருவியோ வினாடிக்குப் பல லட்சம் அதிர்வுகள் உள்ள ஒலியை அனுப்புகிறது. உடம்புக்குள் அது வினாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் போய், வழியில் எது தடுக்கிறதோ அதில் பட்டு எதிரொலியாகத் திரும்புகிறது. குற்றாலத்தில் பாறைக்கு எதிரே நின்று கூவினால் நம் குரலே திரும்பி வருகிறதல்லவா, அதே சங்கதிதான். எதிரொலி திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது, எவ்வளவு பலமாக வருகிறது என்று கணக்குப் போட்டு கம்ப்யூட்டர் அதைப் படமாக்குகிறது. எக்ஸ்-ரே போன்ற கதிர்வீச்சு இதில் கிடையாது.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்து மகப்பேறு டாக்டர் இயான் டொனால்ட்தான் இதைப் பெண்கள் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர். இரும்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்க்க பாய்லர் கம்பெனிகளில் ஒலிக் கருவி வைத்திருந்தார்கள். 1955-ல் அவர், ஆபரேஷனில் எடுத்த கட்டிகளை அப்படியொரு தொழிற்சாலைக்கே கொண்டுபோய், பக்கத்தில் ஒரு துண்டு இறைச்சியையும் வைத்துச் சோதித்துப் பார்த்தார். கட்டிக்கும் சதைக்கும் எதிரொலி வேறு வேறாக வந்தது! டாக்டர் ஜான் மெக்விகர், என்ஜினீயர் டாம் பிரவுன் இருவருடன் சேர்ந்து 1958-ல் 'லான்செட்'டில் அவர் எழுதிய கட்டுரைதான் இன்றைய ஸ்கேன் சென்டர்களுக்கெல்லாம் பிள்ளையார் சுழி.

எப்படி எடுக்கிறார்கள்?

"கீழே ஸ்கேன் எடுக்கணுமா? ஐயையோ!" என்று பயப்படாதீர்கள். சிறுநீர் கழித்துவிட்டு வந்து மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கிக்கொள்ள வேண்டும். வயிற்றில் வைக்கும் அதே வளைந்த முகமுள்ள கருவிக்குச் சுத்தமான உறை மாட்டி, ஜெல் தடவி, பிறப்புறுப்பின் வெளிப்புறத்தில் வைப்பார்கள். உள்ளே எதையும் செலுத்துவதில்லை. ஊசி இல்லை, வலி இல்லை. சில நிமிஷத்தில் முடிந்துவிடும்.

மூன்று நிலையில் படம் எடுப்பார்கள். முதலில் சும்மா இருக்கும்போது. அடுத்து, சிறுநீரையும் வாயுவையும் அடக்குவது போலச் சுருக்கும்போது. கடைசியாக, மலம் கழிக்க முக்குவது போல முக்கும்போது. இந்த மூன்றாவது நிலையில்தான் எது எவ்வளவு இறங்குகிறது என்ற உண்மை தெரியும். கூச்சப்பட்டு லேசாக முக்கினால் படம் பொய் சொல்லிவிடும். அதனால் டாக்டர் சொல்கிறபடி செய்யுங்கள். இருப்பது பெண் டாக்டரா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். ஆண் டாக்டர் என்றால் ஒரு நர்ஸ் கூட இருக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

திரையில் தெரிவது என்ன?

பக்கவாட்டுப் படத்தில் ஒரு பக்கம் முன் எலும்பு. அதை அடுத்து சிறுநீர்ப் பாதை, பிரசவப் பாதை, மலப்பாதை என்று வரிசையாகத் தெரியும். சிறுநீர் கறுப்பாகத் தெரியும். மலப்பாதைக்குப் பின்னால் பளிச்சென்று வெள்ளையாக ஒரு பட்டை தெரிகிறதே, அதுதான் நம் தூளித் தசை. சுருக்கச் சொன்னால் அந்த வெள்ளைப் பட்டை முன்னோக்கி எழும்புவதை அந்தப் பெண்ணே திரையில் பார்க்கலாம். முக்கச் சொன்னால் சிறுநீர்ப்பையின் கழுத்து எவ்வளவு கீழே இறங்குகிறது என்று முன் எலும்பை அடையாளமாக வைத்து மில்லிமீட்டர் கணக்கில் அளப்பார்கள்.

முப்பரிமாண ஸ்கேன் வந்த பிறகு இன்னொரு வசதியும் கிடைத்தது. கீழிருந்து மேலே பார்ப்பது போல, தசையின் நடு இடைவெளி முழுவதையும் ஒரே படத்தில் பார்க்கலாம். முக்கும்போது அந்த இடைவெளியின் பரப்பு 25 சதுர சென்டிமீட்டரை எட்டினால் அளவுக்கு மீறி விரிகிறது என்று கணக்கு. அதோடு, ரொட்டியைத் துண்டு போடுவது போல 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் படத்தை அடுக்கடுக்காகப் பிரித்து, லாடத் தசையின் இரு முனைகளும் எலும்பில் ஒட்டியிருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். நடு அடுக்குகள் மூன்றிலும் ஒட்டாமல் இருந்தால்தான் 'தசை பிய்ந்திருக்கிறது' என்று முடிவு சொல்வார்கள்.

பிரசவத்தில் நடப்பது என்ன?

இங்கேதான் கெய்னி சொன்னது மறுபடி உயிர் பெற்றது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்து டாக்டர் ஜான் டிலான்சி, 2003-ல் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மூலம் ஒப்பிட்டுப் பார்த்தார். பிள்ளை பெறாத 80 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தசையில் சேதம் இல்லை. ஒரு குழந்தையைச் சுகப்பிரசவத்தில் பெற்ற 160 பேரில் 32 பேருக்குச் சேதம் இருந்தது. ஆனால் எம்.ஆர்.ஐ. செலவு பிடிக்கும் விஷயம். ஆஸ்திரேலியாவில் சிட்னி டாக்டர் ஹான்ஸ் பீட்டர் டீட்ஸ் அல்ட்ராசவுண்டைக் கையில் எடுத்தார். முதல் பிரசவத்துக்கு முன்பும் பின்பும் அதே பெண்களுக்கு ஸ்கேன் எடுத்து 2005-ல் அவர் வெளியிட்ட ஆய்வில், சுகப்பிரசவமான 39 பேரில் 14 பேருக்குத் தசை எலும்பிலிருந்து பிய்ந்திருந்தது. பின்னால் வந்த பல ஆய்வுகளில் விகிதம் இதைவிடக் குறைவாகவும் இருந்தது.

ஏன் பிய்கிறது? குழந்தையின் தலை வெளியே வரும்போது, லாடத் தசையின் உட்பகுதி தன் நீளத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் இழுபட வேண்டியிருக்கிறது என்று 2004-ல் கம்ப்யூட்டர் மாதிரி மூலம் கணக்கிட்டார்கள். மற்றத் தசைகள் இந்த அளவு இழுபட்டால் தாங்காது. கர்ப்ப காலத்தில் உடம்பு செய்துகொள்ளும் மாறுதலால் பெரும்பாலான பெண்களுக்குத் தசை விரிந்து, மறுபடி சுருங்கிவிடுகிறது. சிலருக்கு மட்டும் முனை விட்டுப்போகிறது. ஆயுதம் போட்டு எடுக்கும் ஃபோர்செப்ஸ் பிரசவத்தில் இந்த ஆபத்து பல மடங்கு அதிகம்.

இதைப் படித்துவிட்டு, "அப்ப சிசேரியனே நல்லதா?" என்று கேட்டுவிடாதீர்கள்! சிசேரியனுக்கும் அதற்கே உரிய ஆபத்துகள் உண்டு. தசை பிய்ந்த எல்லோருக்கும் தொல்லை வருவதும் இல்லை. அடி இறங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு என்பதுதான் கணக்கு. அதுவும் பெரும்பாலும் உடனே வருவதில்லை. பிள்ளைக்குக் கல்யாணம் பேசும் வயசில் வரும். அதனால்தான் பிரசவத்துக்கும் இதற்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றவில்லை.

இதனால் பெண்களுக்கு என்ன லாபம்?

"தெரிஞ்சு என்ன ஆகப் போவுது?" என்று கேட்கலாம். நிறைய ஆகும். தசை வெறுமனே தளர்ந்திருந்தால் பயிற்சியால் நன்றாகவே தேறும். முனை பிய்ந்திருந்தால், மிச்சமிருக்கும் தசைக்குப் பயிற்சி பலம் கொடுக்கும். ஆனால், பிய்ந்த இடம் தானாக ஒட்டாது. ஆபரேஷன் செய்தாலும் மறுபடி இறங்கும் வாய்ப்பு அவர்களுக்கு அதிகம். ஆபரேஷனுக்கு முன்பே இது தெரிந்தால் டாக்டரும் அதற்கேற்பத் திட்டமிடலாம். நீங்களும் ஏமாறாமல் இருக்கலாம். "கர்ப்பப்பையை எடுத்துட்டா எல்லாம் சரியாயிரும்" என்று நினைத்து ஆபரேஷன் செய்துகொள்கிறவர்கள் நிறையப் பேர். கர்ப்பப்பையை எடுத்தாலும் தாங்கும் தசை அதே பலவீனத்தோடுதான் இருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

இரண்டாவது லாபம், பயிற்சியைச் சரியாகக் கற்றுக்கொள்வது. 1948-ல் டாக்டர் ஆர்னால்ட் கெகல் இந்தத் தசைப் பயிற்சியைப் பிரபலப்படுத்தினார். இன்று எல்லோரும் 'கெகல் பயிற்சி' என்கிறார்களே, அவர்தான். சும்மா சொல்லிக்கொடுத்தால் போதாது என்று, தசையின் அழுத்தத்தை முள் நகர்ந்து காட்டும் கருவி ஒன்றையும் அவர் செய்து வைத்திருந்தார். பிறகு வந்தவர்கள் பயிற்சியை வைத்துக்கொண்டு கருவியை விட்டுவிட்டார்கள்! 1991-ல் பம்ப் என்ற அமெரிக்க டாக்டரும் குழுவினரும் 47 பெண்களுக்கு வாயால் மட்டும் சொல்லிக்கொடுத்துச் சோதித்தார்கள். சரியாகச் செய்தவர்கள் 23 பேர்தான். 12 பேர், கசிவை அதிகமாக்கும் விதத்தில் தலைகீழாகச் செய்தார்கள். மேலே தூக்குவதற்குப் பதிலாகக் கீழே முக்கியிருக்கிறார்கள்!

ஸ்கேன் திரை அந்த முள்ளின் வேலையைச் செய்கிறது. "இப்ப சுருக்குங்க... பாருங்க, வெள்ளைப் பட்டை மேலே போகுது. அதுதான் சரி" என்று காட்டிவிட்டால் அந்தப் பெண்ணுக்குப் பிடிபட்டுவிடும்.

சித்த மருத்துவம் என்ன சொல்கிறது?

சித்த மருத்துவத்தில் பத்து வாயுக்களில் ஒன்றான அபானனுக்குக் 'கீழ்நோக்குங்கால்' என்று பெயர். சிறுநீர், மலம், மாதவிலக்கு, பிரசவம் எல்லாம் அதன் பொறுப்பு. யோகத்தில் மூலபந்தம், அசுவினி முத்திரை என்று அடிப்பகுதியைச் சுருக்கி மேலே இழுக்கும் பழக்கங்கள் இருக்கின்றன. இன்றைய பயிற்சி அவற்றுக்கு மிக நெருக்கம். அதற்காக, 'எல்லாம் நம் முன்னோர் அன்றே ஸ்கேன் பார்த்துச் சொன்னதுதான்' என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் அனுபவத்தால் அறிந்தார்கள். இன்று கண்ணால் பார்க்கிறோம். இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமில்லை.

அடக்கக் கூடாதவை என்று பதினான்கு வேகங்களைச் சொல்லும் நம் மருத்துவம், சிறுநீரையும் மலத்தையும் அதில் சேர்த்திருக்கிறது. தும்மலும் இருமலும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. நாள்பட்ட மலச்சிக்கலும் நாள்பட்ட இருமலும் இந்தத் தசையின் இரண்டு பெரிய எதிரிகள். இவற்றுக்கு நம்மிடம் நல்ல வைத்தியம் உண்டு; செய்துகொண்டால் தசையின் சுமை குறையும். ஆனால் ஒன்றை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். எலும்பிலிருந்து பிய்ந்த தசையை எந்த லேகியமும் எந்தத் தைலமும் ஒட்டவைக்காது. 'இறங்கிய கர்ப்பப்பை இருந்த இடத்துக்கு ஏறும்' என்று யாராவது மருந்து விற்றால் பணத்தைப் பத்திரமாக முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது

* முதலில் சிறுநீர் கழித்துவிட்டு, படுத்தோ உட்கார்ந்தோ இருங்கள். வாயு பிரியாமல் அடக்குவது போல ஆசனவாயைச் சுருக்கி, அப்படியே முன்னால் சிறுநீர்ப் பாதை வரை உள்ளே மேலே இழுங்கள்.

* வயிறு, தொடை, பிட்டம் இறுகக் கூடாது. மூச்சை அடக்கக் கூடாது. மூச்சு சாதாரணமாகப் போய் வரட்டும்.

* ஐந்து எண்ணும் வரை பிடித்து, அதே நேரம் தளர்த்துங்கள். போகப் போகப் பத்து எண்ணும் வரை பிடிக்கலாம். ஒரு தடவைக்கு 8 முறை. ஒரு நாளைக்கு 3 தடவை.

* குறைந்தது 3 மாதம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். பத்து நாளில் சலித்து விட்டுவிடாதீர்கள்.

* தும்மல் வருகிறது என்று தெரிந்ததுமே, குடம் தூக்குவதற்கு முன்பே, ஒரு முறை சுருக்கிக்கொள்ளுங்கள். இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

* சிறுநீர் போய்க்கொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்யாதீர்கள்.

* தண்ணீர் குடிப்பதை நிறுத்தாதீர்கள். காய்கறி, கீரை, பழம் தினமும் இருக்கட்டும். உடல் எடை கூடுதலாக இருந்தால் குறைப்பது கசிவையும் குறைக்கும்.

அந்த இடத்தில் வலி உள்ளவர்கள், தாம்பத்தியத்தில் வலி உள்ளவர்கள் இந்தப் பயிற்சியைத் தாங்களாகத் தொடங்க வேண்டாம். சிலருக்குத் தசை தளராமல் எப்போதும் இறுகியே இருக்கும். அவர்களுக்குத் தளர்த்தத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

"இந்த வயசுல எனக்கு ஸ்கேனா? ஊரே சிரிக்குமே!"

ஸ்கேன் என்றாலே கர்ப்பம்தான் என்று நினைப்பதால் வரும் பயம் இது. கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் ஸ்கேன் எடுப்பதில்லையா? அதுபோல இது தசைக்கு. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1994-ல் நிறைவேறி, 1996 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதனால்தான் ஸ்கேன் சென்டர்களில் அந்த போர்டு. அதற்கும் உங்கள் பரிசோதனைக்கும் சம்பந்தமில்லை.

"எல்லாருக்கும் இந்த ஸ்கேன் வேணுமா?"

வேண்டாம். முதலில் மகளிர் மருத்துவ நிபுணரிடம் காட்டுங்கள். சிறுநீர்ப் பரிசோதனையும் கையால் செய்யும் பரிசோதனையும் பலருக்குப் போதும். பயிற்சி செய்தும் பலன் இல்லை, ஆபரேஷன் யோசிக்கிறார்கள், ஆபரேஷனுக்குப் பிறகும் மறுபடி இறங்கிவிட்டது, ஆயுதம் போட்ட பிரசவத்துக்குப் பிறகு தொல்லை நீடிக்கிறது என்ற நிலைகளில் இது ரொம்ப உதவும். எல்லா ஸ்கேன் சென்டரிலும் இதை எடுப்பதில்லை. இதற்கென்று பயிற்சி பெற்றவர் வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிகளில் 'யூரோகைனகாலஜி' பிரிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள். நான் ஸ்கேன் எடுப்பதில்லை. என்னிடம் வருகிறவர்களை அதற்குரியவர்களிடம்தான் அனுப்புகிறேன்.

"ஆபரேஷன் இல்லாம வேற வழி கிடையாதா?"

உண்டு. இறங்கிய உறுப்பைத் தாங்க சிலிக்கான் வளையம் ஒன்று இருக்கிறது. டாக்டர் அளவு பார்த்து உள்ளே பொருத்திவிடுவார். ஆபரேஷன் தாங்க முடியாத வயதானவர்களுக்கும், இன்னும் குழந்தை பெற நினைப்பவர்களுக்கும் நல்ல உபாயம். குறித்த நாளில் போய்ச் சரிபார்த்துக்கொள்வது முக்கியம்.

"ஆம்பளைகளுக்கு இது உண்டா?"

தசை அவர்களுக்கும் உண்டு. பிராஸ்டேட் சுரப்பி ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர் கசியும் ஆண்களுக்கும் இதே பயிற்சியைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

உடனே டாக்டரிடம் போக வேண்டியது எப்போது?

சிறுநீரில் ரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு உதிரப்போக்கு, சிறுநீர் கழிக்கவே முடியாமல் அடைத்துக்கொள்வது, காய்ச்சலோடு நீர்க்கடுப்பு, வெளியே வந்த பகுதியில் புண், திடீரென்று கால் மரத்துப்போய்ச் சிறுநீரும் மலமும் தெரியாமலே வெளியேறுவது. இவற்றில் எது இருந்தாலும் பயிற்சி, கஷாயம் என்று நாளைக் கடத்த வேண்டாம்.

கடைசியாக, வீட்டு ஆண்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அம்மா பஸ் பயணத்துக்கு மறுக்கிறார் என்றால், மனைவி வாய் விட்டுச் சிரிக்கவே தயங்குகிறார் என்றால், 'வயசாயிருச்சு' என்று விட்டுவிடாதீர்கள். பக்குவமாக விசாரித்து, கூட்டிக்கொண்டு போங்கள். சகோதரிகளே, உங்களுக்கும் ஒன்று. அடுத்த முறை டாக்டர் "வேற எதாவது தொந்தரவு இருக்கா?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லை" என்று எழுந்து வந்துவிடாதீர்கள். "தும்மினா நனையுது டாக்டர்" என்று மூன்றே வார்த்தை சொல்லுங்கள். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.